சி4 ஆடினால் பயந்தாங்கொள்ளியா? – செஸ் கேள்வி பதில்

போன இதழில் ஃபிளாங்க் ஓப்பனிங் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். இ4, டி4 என்று நடுச் சிப்பாயைத் தள்ளாமல் சி4, குதிரை எஃப்3, பி3, எஃப்4 மாதிரி பக்கத்தில் இருந்து ஆட்டத்தை ஆரம்பிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். அதற்குக் கட்டுக்கட்டாகக் கடிதம் வந்துவிட்டது, பாதி திட்டு, பாதி ஸ்கோர் ஷீட். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. குறிப்புக்கு: ரூக்கை யானை என்றும் பான் (pawn) காயைச் சிப்பாய் என்றும் எழுதியிருக்கிறேன், மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த பெயர்தான். சி4, எஃப்3 என்பதெல்லாம் காய் போய் நிற்கிற கட்டத்தின் பெயர், × என்றால் வெட்டு, காஸ்லிங் என்றால் ராஜாவும் யானையும் ஒரே மூவில் இடம் மாறுவது.

கே: டோர்னமென்ட்டில் நான்காவது சுற்று, எனக்கு வெள்ளை. 1.சி4 இ5 2.குதிரை சி3 குதிரை எஃப்6 3.குதிரை எஃப்3 குதிரை சி6 4.ஜி3 டி5 5.சி×டி5 குதிரை×டி5 6.பிஷப் ஜி2 பிஷப் இ7 7.காஸ்லிங் குதிரை பி6 8.டி3 காஸ்லிங் 9.ஏ3 பிஷப் இ6 10.பி4 எஃப்6 11.இ4. அதற்கப்புறம் எதிராளி குதிரையை டி4-இல் கொண்டுவந்து உட்கார வைத்தார், என் டி3 சிப்பாய் போனது, ஆட்டமும் போனது. ஓப்பனிங்கில் ஒரு தப்பும் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். எங்கே கோட்டை விட்டேன்?

ப: இரண்டு இடத்தில். தோற்கடித்தது இரண்டாவது, ஆனால் எனக்கு வலித்தது முதலாவதுதான்.

ஆறாவது மூவைப் பாருங்கள். கறுப்பு பிஷப்பை இ7-க்கு எடுக்கிறார். நல்ல பிள்ளை மாதிரி தெரிகிற மூவ், ஆனால் அந்த நேரத்தில் அது தப்பு. எஃப்3 குதிரை நகர்ந்ததும் உங்கள் ஜி2 பிஷப் நேராக டி5 குதிரையைப் பார்க்கும், சி3 குதிரையும் அதையே பார்க்கிறது, அந்த டி5 குதிரைக்குக் காவல் ராணி ஒன்றுதான். ஆகவே 7.குதிரை×இ5! என்று சிப்பாயைச் சும்மா எடுத்துக்கொள்ளலாம். அவர் குதிரை×இ5 என்று வெட்டினால் நீங்கள் டி5 குதிரையை வெட்டிவிடுகிறீர்கள், குதிரைக்குக் குதிரை சரியாகிவிடும், சிப்பாய் உங்கள் கையில். அவர் புத்திசாலித்தனமாக முதலில் குதிரை×சி3 என்று வெட்டி உங்கள் ராணியை மிரட்டினால், ராணியைத் தொடாதீர்கள், 8.பிஷப்×சி6 செக்! அவர் பி×சி6 என்று எடுத்தே ஆக வேண்டும், அப்புறம் 9.டி×சி3. ராணிகள் மாறினாலும் மாறட்டும், உங்களுக்கு ஒரு சிப்பாய் அதிகம், அவருடைய சி சிப்பாய்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நின்று அழுதுகொண்டிருக்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஆறாவது மூவிலேயே குதிரையை பி6-க்கு இழுத்துவிடுகிறார்கள். உங்கள் எதிராளி ஒரு மூவ் தாமதமாக அதைச் செய்தார், நீங்கள் அவரை விட்டுவிட்டீர்கள்.

ஏன் விட்டீர்கள் என்பதற்கும் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஸ்கோர் ஷீட்டில் ஒவ்வொரு மூவுக்கும் எடுத்த நேரத்தையும் எழுதியிருக்கிறீர்கள் (நல்ல பழக்கம், விடாதீர்கள்). ஏழாவது மூவுக்கு எட்டு நொடி! ஜி3, பிஷப் ஜி2, காஸ்லிங்... கை தானாகப் போயிருக்கிறது. இங்கிலீஷ் ஓப்பனிங் (1.சி4-க்கு அதுதான் பெயர்) ஆடுகிற பாதிப் பேருக்கு இருக்கிற வியாதி இது. "எதிராளி என்ன ஆடினாலும் நான் இதே ஏழு மூவ் ஆடிவிடுவேன்" என்று தைரியமாக உட்காருவார்கள், அந்த ஏழு மூவில் எதிராளி செய்கிற தப்பு அத்தனையும் இலவசமாகப் போய்விடும்.

இரண்டாவது, 11.இ4. இதைப் பலகையில் வைத்துப் பாருங்கள், படிப்பதைவிடப் பார்த்தால்தான் உறைக்கும். ஜி2-இல் இருந்து ஏ8 வரை மூலைவிட்டத்தில் உங்கள் பிஷப்புக்கு ராஜபாட்டை. உங்கள் காய்களில் நடுவில் நிற்பது எஃப்3 குதிரை ஒன்றுதான், அது எப்போது வேண்டுமானாலும் நகர்ந்துவிடும். அந்தப் பாதைக்காகத்தான் நாலாவது மூவில் ஜி3 ஆடினீர்கள். ஏழு மூவ் கழித்து அதே பாதையில் இ4 என்று உங்கள் சிப்பாயையே நட்டுவிட்டீர்கள். வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் பீரோவை நகர்த்தி வாசலிலேயே வைத்த மாதிரி. அதோடு, இ சிப்பாய் முன்னால் போய்விட்டால் டி4 கட்டத்தை எந்தச் சிப்பாயாலும் இனி மிரட்ட முடியாது. சி சிப்பாய் ஏற்கெனவே மாறிப் போய்விட்டது. அதனால்தான் அவர் குதிரை அங்கே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. நீங்கள் அதை வெட்டினாலும், வெட்டாமல் விட்டாலும் டி3 சிப்பாய் பின்தங்கிப் போய்விட்டது, டி கோட்டில் அவர் யானை வந்ததும் கதை முடிந்தது.

இந்த நிலை உண்மையில் நிறம் மாற்றிய சிசிலியன் டிராகன் (கறுப்பு ஆடுகிற ஒரு ஓப்பனிங்), அதுவும் உங்களுக்கு ஒரு மூவ் கூடுதலாக. கறுப்பாக டிராகன் ஆடும்போது சும்மா இருக்கையில் இ5 தள்ளி டி5-இல் ஓட்டை போட்டுக்கொள்வீர்களா? மாட்டீர்கள். வெள்ளையாக ஆடும்போது மட்டும் ஏன்? சரி, வேறு என்ன ஆடியிருக்கலாம் என்றால், ஐந்தாவது மூவில் சி சிப்பாயை மாற்றியதால் உங்களுக்குப் பாதி திறந்த சி கோடு கிடைத்திருக்கிறது, அதுதான் சொத்து. யானை சி1-க்கு வர வேண்டும், ஒரு குதிரை இ4 வழியாக சி5-க்குப் போய் அங்கிருந்து பி7-ஐயும் இ6 பிஷப்பையும் தொந்தரவு செய்ய வேண்டும், பிஷப் இ3 அதற்குத் துணை. எதை முதலில் ஆடுவது என்பதை மட்டும் மனப்பாடம் செய்யாமல் அவர் ஆடுவதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கே: என் கோச் 1.சி4 ஆடினாலே கோபப்படுகிறார். நடுவைப் பிடிக்கப் பயந்தவர்கள், தியரி படிக்கச் சோம்பேறித்தனப்படுகிறவர்கள் ஆடுவது அது என்கிறார். உண்மையா?

ப: சோம்பேறிகள் ஆடுவது உண்மை. சோம்பேறிகள் மட்டும் ஆடுவது என்பது பொய்.

கோச்சின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. புதிதாகக் கற்கிறவர்கள் இ4 ஆடி, நடுவில் அடித்துக்கொண்டு, அடி வாங்கி வளர்வது நல்லது, நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் ஃபிளாங்க் ஓப்பனிங் என்பது நடுவை விட்டுக்கொடுப்பது இல்லை. இப்போதைக்கு அங்கே சிப்பாயை வைக்கவில்லை, தூரத்தில் இருந்து காய்களால் குறி வைக்கிறேன், நீ முதலில் உன் சிப்பாயை வை, எங்கே அடிக்கலாம் என்று அப்புறம் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். தள்ளிப்போட்ட வேலையைக் கடைசி வரை செய்யாமலே விட்டால்தான் கோச் சொல்கிற சோம்பேறி நீங்கள்.

இதைச் சொல்லிக்காட்டியவர் ரிச்சர்ட் ரெட்டி. 1924-இல் நியூயார்க் டோர்னமென்ட்டில் எதிரே உலகச் சாம்பியன் கபாபிளாங்கா. அந்த மனிதர் கடைசியாகத் தோற்றது 1916-இல், எட்டு வருடமாக ஒரு ஆட்டம் கூட விடவில்லை. ரெட்டி 1.குதிரை எஃப்3, 2.சி4, மூன்றாவது மூவில் பி4! முதல் ஏழு மூவில் இ சிப்பாயையும் டி சிப்பாயையும் தொடவே இல்லை. இரண்டு பிஷப்பையும் பி2, ஜி2 என்று ஓரத்தில் நிறுத்தி நடுவைக் குறி வைத்தார். 31 மூவில் கபாபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்துவிட்டார். அப்போது இந்தப் பாணியை ஹைப்பர்மாடர்ன் என்று கொஞ்சம் கிண்டலாகவும் கொஞ்சம் பயத்தோடும் சொன்னார்கள்.

சரியாக நூறு வருடம் கழித்து, 2024 டிசம்பர், சிங்கப்பூர், உலகச் சாம்பியன்ஷிப் 11-ஆவது ஆட்டம், ஸ்கோர் 5–5. குகேஷ் வெள்ளை, டிங் லிரேன் கறுப்பு. 1.குதிரை எஃப்3 டி5 2.சி4 டி4, மூன்றாவது மூவ்? பி4! இங்கே கறுப்பின் சிப்பாய் டி4 வரை வந்துவிட்டதால் நிலை வேறுதான், ஆனாலும் அந்த பி சிப்பாயின் பயணம் எனக்கு மிகவும் பிடித்தது. பத்தாவது மூவில் பி5, பதினேழாவது மூவில் பி6, கடைசியில் 22-ஆவது மூவில் டிங் லிரேனின் ராணி வந்து அதை வெட்டிவிட்டது. சிப்பாய் செத்தது, ஆனால் பி கோடு வெள்ளைக்குத் திறந்தது. அடுத்த மூவே யானை பி1, அப்புறம் அது பி5, 28-இல் இன்னொரு யானையும் பி1-க்கு வந்து பின்னால் நின்றது. டிங் நேரம் குறைந்த நெருக்கடியில் 28...ராணி சி8 ஆடினார், 29.ராணி×சி6! பி7 சிப்பாயால் ராணியை வெட்டலாம்தான், ஆனால் வெட்டிய நொடியில் பி கோட்டில் அடைப்பு போய்விடும், யானை×பி8, ராணி×பி8, யானை×பி8 செக். கணக்குப் பார்த்தால் வெள்ளைக்கு ஒரு குதிரை லாபம். டிங் அதோடு கைகொடுத்துவிட்டார். மூன்றாவது மூவில் ஓரத்தில் தள்ளிய ஒரு சிப்பாய், 29-ஆவது மூவில் அது இல்லாமலே ஆட்டத்தை முடித்தது. இதைக் கோச்சிடம் பலகையில் போட்டுக் காட்டுங்கள். அப்படியும் அவர் மனம் மாறாவிட்டால் அவர் இருக்கும்போது இ4 ஆடுங்கள், என்ன செய்வது!

கே: கடைசிச் சுற்றில் ஜெயித்தே ஆக வேண்டும், டிரா போதாது. அப்போதும் சி4 ஆடலாமா, இல்லை கூர்மையாக ஏதாவது?

ப: உலகச் சாம்பியன்களே ஆடியிருக்கிறார்கள். 1987, செவில், காஸ்பரோவ்–கார்போவ் உலகச் சாம்பியன்ஷிப். 23-ஆவது ஆட்டத்தில் தோற்று காஸ்பரோவ் 11–12 என்று பின்னால். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால்தான் 12–12 ஆகிப் பட்டம் தங்கும். எல்லோரும் பலகை பற்றி எரியப் போகிறது என்று எதிர்பார்க்க, அவர் ஆடியது 1.சி4, 2.குதிரை எஃப்3, 3.ஜி3, அப்புறம் பி3. அவசரமே இல்லை. காய்களை மாற்றாமல் நிறைய வைத்துக்கொண்டு, கார்போவை ஒவ்வொரு மூவுக்கும் யோசிக்க வைத்து, கடிகாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போய் 64-ஆவது மூவில் கார்போவ் கைகொடுத்தார்.

ஜெயிக்க வேண்டிய நாளில் கூர்மையான ஓப்பனிங்கில் இருக்கிற ஆபத்து என்னவென்றால், எதிராளி அதில் இருபது மூவ் படித்துவிட்டு வந்து பாதிக் காய்களை மாற்றி டிராவில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். சி4-இல் அது கொஞ்சம் கஷ்டம், ஆட்டம் உயிரோடு இருக்கும். 2024-இல் 11-ஆவது ஆட்டம் தோற்ற மறுநாளே டிங் லிரேனும் இதைத்தான் செய்தார், 1.சி4, மெதுவாக நெருக்கி, ஜெயித்து 6–6. ஆனால் ஒன்று, நீங்கள் வழக்கமாக இ4 ஆடுகிறவர் என்றால் கடைசிச் சுற்றில் முதல் முறையாக சி4 ஆடிப் பார்க்காதீர்கள், அன்றைக்கு நீங்களும் சேர்ந்துதான் யோசித்துக்கொண்டிருப்பீர்கள்.

கே: கறுப்பாக ஆடும்போது எதிராளி 1.சி4 ஆடினாலே எனக்குக் குழப்பம். எதற்குத் தயாராவது என்றே தெரியவில்லை. சில சமயம் அது திடீரென்று குயின்ஸ் கேம்பிட் ஆகிவிடுகிறது!

ப: ஆகும். அதுதான் அதன் குறும்பு. 1972-இல் ரெய்க்யவிக் உலகச் சாம்பியன்ஷிப் ஆறாவது ஆட்டத்தில் ஃபிஷர், அநேகமாக எப்போதும் இ4 ஆடுகிறவர், 1.சி4 ஆடினார், 1...இ6 2.குதிரை எஃப்3 டி5 3.டி4 என்று போய் அது சாட்சாத் குயின்ஸ் கேம்பிட் ஆகிவிட்டது. ஃபிஷர் ஜெயித்த விதத்தைப் பார்த்து எதிரில் உட்கார்ந்திருந்த ஸ்பாஸ்கியே கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டினார். ஆகவே சி4 என்பது ஒரு கேள்வி: "உனக்கு என்ன தெரியும்?" நீங்கள் டி4-க்கு எதிராக கிங்ஸ் இந்தியன் ஆடுகிறவர் என்றால் குழப்பமே வேண்டாம், குதிரை எஃப்6, ஜி6, பிஷப் ஜி7, டி6, காஸ்லிங் என்று அதே வீட்டைக் கட்டுங்கள், வெள்ளை டி4 ஆடினாலும் ஆடாவிட்டாலும் உங்களுக்குப் பழகிய இடம். குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்ட் தெரியுமென்றால் இ6, டி5.

இரண்டும் இல்லை, புதிதாக ஒன்று வேண்டுமென்றால் 1...இ5. நடுவை அவர் வைக்கவில்லை அல்லவா, நீங்கள் வையுங்கள். ஆனால் மேலே முதல் கேள்வியில் சொன்னதை மறக்காமல், டி5-இல் குதிரை வந்தால் இ5 சிப்பாய்க்கு யார் காவல், குதிரைக்கு யார் காவல் என்று ஒவ்வொரு மூவிலும் விரல் விட்டு எண்ணுங்கள். ஜி2 பிஷப் சும்மா ஓரத்தில் நிற்கிற மாதிரிதான் இருக்கும், கண் மட்டும் எப்போதும் டி5 மேலேயே.

கே: 1.பி3 ஆடலாமா? ஆன்லைனில் நன்றாக ஜெயிக்கிறேன்.

ப: ஆடலாம். ஃபிஷரே 1970-இல் சில முறை ஆடியிருக்கிறார். ஆனால் அதன் பெயருக்குச் சொந்தக்காரரான பென்ட் லார்சனுக்கு அதே வருடம் பெல்கிரேடில் என்ன ஆனது என்பதையும் பார்த்துவிட்டு ஆடுங்கள். சோவியத் அணிக்கும் மற்ற உலக அணிக்கும் போட்டி. முதல் பலகை எனக்குத்தான் என்று லார்சன் பிடிவாதம் பிடித்து, ஃபிஷர் ஆச்சரியமாக விட்டுக்கொடுத்து இரண்டாவது பலகைக்குப் போனார். எதிரே உலகச் சாம்பியன் ஸ்பாஸ்கி.

1.பி3 இ5 2.பிஷப் பி2 குதிரை சி6 3.சி4 குதிரை எஃப்6 4.குதிரை எஃப்3. இந்த நாலாவது மூவ்தான் வினை. 4...இ4 என்று சிப்பாய் முன்னால் வந்து குதிரையை விரட்டியது, 5.குதிரை டி4 பிஷப் சி5 6.குதிரை×சி6 டி×சி6. எண்ணிப் பாருங்கள், அந்த வெள்ளைக் குதிரை மூன்று மூவ் நடந்து, கறுப்பின் குதிரை ஒன்றோடு மாறிப்போனது, அவ்வளவுதான் அதன் வாழ்க்கை. அதற்குள் கறுப்பு காய்களை வரிசையாக வெளியே கொண்டுவந்து ராணி பக்கம் காஸ்லிங்கும் முடித்துவிட்டார். லார்சன் 10.எஃப்4 என்று இன்னொரு சிப்பாய் மூவ் ஆட, 10...குதிரை ஜி4 11.ஜி3 எச்5 12.எச்3 எச்4! குதிரை போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார். 13.எச்×ஜி4 எச்×ஜி3 14.யானை ஜி1, இப்போது 14...யானை எச்1!! ஒரு யானையை அப்படியே தூக்கிக் கொடுப்பது எதற்கென்றால், ஜி3 சிப்பாய்க்கு ஒரே ஒரு மூவ் நேரம் கிடைப்பதற்கு. 15.யானை×எச்1 ஜி2 16.யானை எஃப்1 ராணி எச்4 செக் 17.ராஜா டி1 ஜி×எஃப்1 ராணியாகி செக். லார்சன் கைகொடுத்தார். 17 மூவ்!

இதற்காக பி3 மோசமென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லார்சன் அடுத்த ஆட்டத்திலேயே ஸ்பாஸ்கியைத் தோற்கடித்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. 4.குதிரை எஃப்3-க்குப் பதில் முதலில் இ3 ஆடிவிட்டு மற்றதை யோசித்திருந்தால் இந்த விரட்டலே இல்லை. உங்கள் ஆன்லைன் வெற்றிகளை மூன்று நிமிட ஆட்டத்தில் எடுத்தீர்களா, நீண்ட ஆட்டத்திலா என்று எழுதவில்லையே?

கே: 1.பி4-க்கு ஏன் குரங்குப் பெயர்?

ப: ஒராங்குட்டான். அதே 1924 நியூயார்க் டோர்னமென்ட்டின் நடுவில் ஆட்டக்காரர்கள் மிருகக்காட்சிசாலைக்குப் போனார்கள், அங்கே சூசன் என்கிற ஒராங்குட்டானைப் பார்த்துவிட்டு வந்த டார்டகோவர் மறுநாள் மரோட்சிக்கு எதிராக 1.பி4 ஆடினார். குரங்கிடம் ஆலோசனை கேட்டேன் என்று கதையும் கட்டினார். ஆட்டத்தில் தோற்றுப்போனார், குரங்கைக் குறை சொல்ல முடியாது.

கே: 1.எஃப்4, பேர்ட் ஓப்பனிங்? நண்பன் ஆடுகிறான், அடக்க வழி உண்டா?

ப: 1...இ5 என்று சிப்பாயைக் கொடுங்கள், ஃப்ரம் கேம்பிட். 2.எஃப்×இ5 டி6 3.இ×டி6 பிஷப்×டி6. நண்பர் அசந்து 4.குதிரை சி3 ஆடினால், 4...ராணி எச்4 செக் 5.ஜி3 ராணி×ஜி3 செக்! 6.எச்×ஜி3 பிஷப்×ஜி3 மேட். ஒரு தடவைதான் வேலை செய்யும். அடுத்த தடவை 4.குதிரை எஃப்3 ஆடிவிடுவார், அப்புறம் ஒரு சிப்பாய் குறைவாக வைத்துக்கொண்டு நீங்கள்தான் வேர்க்க வேண்டும்.

கே: இங்கிலீஷ் ஓப்பனிங்தான் ஆடினேன், ஐந்தாவது மூவில் காஸ்லிங் செய்யும்போது எச்1 யானையை முதலில் தொட்டுவிட்டேன். ஆர்பிட்டர் (நடுவர்) யானையைத்தான் நகர்த்த வேண்டும் என்றார். ஆட்டமே நாசம். இது என்ன அநியாயம்?

ப: அநியாயம் இல்லை, ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) விதி. யானையை வேண்டுமென்றே தொட்டுவிட்டு அப்புறம் ராஜாவைத் தொட்டால் அந்தப் பக்கம் அந்த மூவில் காஸ்லிங் கிடையாது, முதலில் தொட்ட காயை, அதாவது யானையை, நகர்த்தியே ஆக வேண்டும். நகர்த்திய யானையோடு பின்னால் எப்போதுமே காஸ்லிங் செய்ய முடியாது என்பது கூடுதல் தண்டனை. காஸ்லிங் என்பது ராஜாவின் மூவ், முதலில் ராஜா, அதுவும் ஒரே கையால். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தூக்கி வைக்கிறவர்களையும் பார்க்கிறேன், அதுவும் தப்பு.

உங்களுக்கு ஒரே ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்: நீங்கள் காஸ்லிங் செய்த பிறகு எதிராளி புகார் சொல்லாமல் தன் காயைத் தொட்டிருந்தால், அதற்கப்புறம் அவர் புகார் செய்யும் உரிமை போய்விடும். ஆனால் அவர் கையைக் கட்டிக்கொண்டு ஆர்பிட்டரைக் கூப்பிட்டார் என்கிறீர்கள். விதி தெரிந்தவர். ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள், யானையை ஜி1-க்கா எஃப்1-க்கா நகர்த்தினீர்கள்? ஜி1 என்றால் எச் சிப்பாயையும் ஜி சிப்பாயையும் தள்ளித் தாக்கியிருக்கலாம், ராஜா கொஞ்ச நேரம் நடுவிலேயே இருந்திருக்கும். இங்கிலீஷில் நடு உடனே திறக்காது என்பதால் அது அவ்வளவு பெரிய ஆபத்தில்லை. நாசம் ஆனது ஆட்டமா, உங்கள் மனநிலையா?

கே: பத்து வயது மகளுக்கு நானே சொல்லிக்கொடுத்தேன். வெள்ளையில் சி4, ஜி3, இ4, குதிரை இ2 என்று ஒரு அமைப்பு இருக்கிறதே, பழைய உலகச் சாம்பியன் போட்வினிக் ஆடியது, அதை. முதல் சுற்றிலேயே நாலாவது மூவில் மேட் வாங்கிவிட்டு வந்தாள். நாலு மூவில் மேட் வாங்குகிற ஓப்பனிங்கா போட்வினிக் ஆடினார்?

ப: போட்வினிக் பாவம், அவரை விட்டுவிடுங்கள். நீங்கள் அனுப்பியது: 1.சி4 இ5 2.ஜி3 குதிரை சி6 3.இ4 குதிரை டி4 4.குதிரை இ2 குதிரை எஃப்3 மேட்.

பலகையில் வைத்துப் பாருங்கள், கொஞ்சம் அழகாகக்கூட இருக்கும். ராஜாவைச் சுற்றி ராணி, பிஷப், டி2, எஃப்2 சிப்பாய்கள், இப்போது வந்த இ2 குதிரையும். ஐந்து கட்டமும் சொந்தக் காய்களாலேயே அடைத்தாயிற்று, மூச்சு விட இடமில்லை. எஃப்3-க்கு வந்த கறுப்புக் குதிரையை யார் வெட்டுவது? ஜி2 சிப்பாய் வெட்டும், ஆனால் அது ஜி3-க்குப் போய்விட்டது. டி1 ராணி வெட்டும், ஆனால் நடுவில் இ2-இல் குதிரை.

நீங்கள் சொல்லிக்கொடுத்த அமைப்பு சரி, வரிசைதான் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த அமைப்பில் பிஷப் ஜி2 முதலில், குதிரை இ2 அப்புறம். பிஷப் ஜி2-இல் இருந்தால் எஃப்3 குதிரையை வெட்டிவிடும், எஃப்1 கட்டமும் காலியாகி ராஜாவுக்கு வழி கிடைக்கும். மகளிடம் நாலாவது மூவில் பிஷப்பைத் தூக்கி ஜி2-இல் வைத்துவிட்டு, அதே கறுப்புக் குதிரை இப்போது எஃப்3-க்கு வந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். நீங்கள் சொல்லாதீர்கள், அவளே கண்டுபிடிக்கட்டும். ஸ்கோர் ஷீட்டை அவளே எழுதியிருக்கிறாள் போலிருக்கிறது, நாலு மூவும் பிழையில்லாமல், கையெழுத்து உங்கள் கடிதத்தைவிட நன்றாக இருக்கிறது.